சித்திரையில் ஒரு விளக்கீடு

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பெரியவர் ஆண்டுதோறும் மே 4ஆம் திகதி மாலை, தெருவைப் பார்த்த யன்னல் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு மெழுகுதிரி கொளுத்தி வைப்பார். 2006இல்தான் அதைக் கவனித்தோம். கவனித்தது நானல்ல, அம்மா. “தம்பி, டென்மார்க் அப்புவுக்குச் சித்திரையில் விளக்கீடு வருகிறது, பார்த்தாயா?” என்று கேட்டார். அவர் டென்மார்க்காரர் என்பதே அவருடைய தபால் பெட்டியில் ஒட்டியிருந்த சிறிய சிவப்பு வெள்ளைக் கொடியால்தான் எங்களுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளாகப் பக்கத்து வீடு. கையசைப்புக்கு மேல் பழக்கமில்லை.

மறுநாள் வேலிக்கு மேலால் கேட்டேன். சொன்னார். 1940 ஏப்ரல் 9 அதிகாலை ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. அந்தக் காலைப்பொழுது முடியுமுன் அரசு பணிந்துவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1945 மே 4 மாலை, பி.பி.சி.யின் டேனிஷ் ஒலிபரப்பு ஜெர்மன் படை சரணடைந்த செய்தியைச் சொன்னதும், சனங்கள் இருட்டடிப்புக்காகத் தொங்கவிட்டிருந்த கறுப்புத் திரைகளைக் கழற்றி எறிந்துவிட்டு யன்னலில் மெழுகுதிரி ஏற்றினார்கள். அந்த வழக்கம் இன்றும் அங்கே இருக்கிறது.

“அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்தீர்களா?”

“இல்லை. இங்கிலாந்தில், யோர்க்‌ஷயரில் இருந்தேன். ஆனால் அதற்கு முதல் ஆண்டு சில இரவுகள் அந்த ஊருக்கு மேலால் போயிருக்கிறேன்” என்று விரலால் வானத்தைக் காட்டினார்.

நான் 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவன். விமானச் சத்தம் கேட்டதும் வாழைக்கடியில் வெட்டிய பங்கருக்குள் ஓடிக் குந்திப் பழகியவன். வானத்தைக் கீழிருந்து மட்டுமே பார்த்தவர்கள் நாங்கள். மேலேயிருந்து பார்த்த ஒருவர் வேலிக்கு அப்பால் நின்று தக்காளிக் கன்றுக்குத் தடி நடுவார் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. அன்றிரவு முழுக்க ஒரு கேள்வி மண்டைக்குள் கிடந்து உருண்டது. அடுத்த வாரம் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். போனேன். பொறுமையில்லாமல் கேட்டும்விட்டேன்: “கீழே இருந்தவர்களைப் பற்றி அப்போது நினைத்தீர்களா?”

அவர் கோபப்படவில்லை. பாதி குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். கோப்பையைக் கழுவினார். துடைத்தார். தட்டில் வைத்தார். பிறகு காலநிலையைப் பற்றிப் பேசினார். அதன்பின் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எங்களுக்குள் மறுபடியும் கையசைப்பு மட்டுந்தான்.

போரில் இருந்த முதியவர்களிடம் கதை கேட்க விரும்புவதாக யாராவது என்னிடம் வந்தால் இந்தக் கோப்பை கழுவிய கதையைத்தான் முதலில் சொல்வேன். கேள்வி தவறானதல்ல. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் இரண்டாவது சந்திப்பில் கேட்கிற கேள்வியல்ல அது.

2008 பனிக்காலம் மோசமாக இருந்தது. அவர் வாசலில் குவிந்ததையும் நானே வழித்துத் தள்ளினேன். அவருக்குத் தடிமன் பிடித்திருப்பதைக் கண்டு அம்மா மல்லி அவித்து ஒரு பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார். மறுநாள் பிளாஸ்கைக் கழுவித் திருப்பித் தரும்போது, “விமானத்தில் எங்களுக்குக் கோப்பி தந்ததும் இப்படி ஒரு பிளாஸ்கில்தான்” என்றார். இந்தத் தடவை எனக்குப் புத்தி வந்திருந்தது. “சீனி போட்டிருப்பார்களா?” என்று கேட்டேன்.

ஒன்றரை மணி நேரம் பேசினார். வாசலில் நின்றபடியே. மேலே போனால் கோப்பி ஆறிவிடும், கையுறையைக் கழற்றினால் விரல் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால் பலர் திரும்பும் வழியில், கடலைக் கடந்து தாழ இறங்கிய பிறகுதான் குடிப்பார்கள் என்று தொடங்கி எங்கெங்கோ போனார். அவர் இருந்தது விமானத்தின் வால் நுனியில், நான்கு பிரவுனிங் துப்பாக்கிகள் பொருத்திய கண்ணாடிக் கூண்டுக்குள். பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை வரை போகும் குளிர். மின்சாரத்தால் சூடாகும் உடுப்பு உண்டு, காலுக்கும் அப்படியே. ஒருநாள் அதில் ஒரு கம்பி சுட்டுவிட்டது. சொல்லிக்கொண்டே பனிச் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உருட்டி இறக்கி, இடது குதிக்காலைக் காட்டினார். ஐந்து சதக் காசளவில் வட்டமான, வழவழவென்ற ஒரு தழும்பு. பல ஆண்டுகள் கழித்து அவருடைய மகளிடம் அதைப் பற்றிச் சொன்னேன். அப்பாவின் காலில் தழும்பு இருப்பது அவருக்குத் தெரியும். எப்படி வந்தது என்பது தெரியாது. யாரும் கேட்கவில்லை.

பொருளைக் கேட்டால் மனிதர் பேசுவார் என்பதை அந்த வாசலில்தான் கற்றுக்கொண்டேன். என்ன சாப்பிட்டீர்கள், சப்பாத்து எந்த அளவு, கூண்டுக்குள் எப்படி ஏறுவீர்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கும். கதவைப் பற்றிக் கேட்டபோதுதான் அந்தக் கூண்டுக்குள் பரசூட்டுக்கு இடமில்லை என்பதே தெரியவந்தது. அது பின்னால், விமானத்தின் உடம்புக்குள் ஒரு கொளுக்கியில் தொங்கும். விமானம் தீப்பிடித்தால் கதவைத் திறந்து, கையை நீட்டி அதை எடுத்து, நெஞ்சில் மாட்டி, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப் பக்கமாக வெளியே விழ வேண்டும். “எவ்வளவு நேரம் எடுக்கும்?” என்றேன். “பயிற்சியிலா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அவருடைய கதையின் சுருக்கம் இது. 1922இல் டென்மார்க்கின் வட கோடியில், ஃபிரெடெரிக்ஸ்ஹவ்ன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். 1928இல் ஆறு வயதில் தாய் தகப்பனோடு கனடாவுக்குக் கப்பலேறினார். அமெரிக்கா 1924இல் குடியேற்றத்துக்குக் கடும் வரம்பு போட்ட பிறகு டேனிஷ் குடும்பங்கள் பல கனடாவின் பக்கம் திரும்பிய காலம் அது. அல்பேர்ட்டாவில் டிக்ஸன் என்ற இடத்தில் 1903 முதலே டேனிஷ் குடியிருப்பு ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தில் நிலம் பிடித்தார்கள். 1942இல் ரோயல் கனேடிய விமானப்படையில் சேர்ந்தார்.

ஹலிபக்ஸில் வந்தேன், ஹலிபக்ஸில் போனேன், ஹலிபக்ஸில் பறந்தேன் என்று அவர் அடிக்கடி சொல்வார். முதலாவது கனடாவின் கிழக்குக் கரைத் துறைமுகம். இரண்டாவதும் துறைமுகம், 1943இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது. மூன்றாவது ஹலிபக்ஸ் குண்டுவீச்சு விமானம். எனக்கு இது விளங்கவே சில மாதங்கள் பிடித்தன. துறைமுகத்திலிருந்து தினமும் விமானத்தில் பறந்தார் என்று நானாக ஒரு கதை கட்டி, என் குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருந்தேன்.

பயிற்சியைப் பற்றிச் சொன்னவற்றில் ஒன்று மட்டும் சொல்கிறேன். லெத்பிரிட்ஜில் துப்பாக்கிப் பள்ளி. ஒரு விமானம் நீளமான துணிக்குழாய் ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். இன்னொன்றிலிருந்து இவர்கள் மாறி மாறி அதைச் சுட வேண்டும். யாருடைய குண்டு பட்டது என்று எப்படி அறிவது? ஒவ்வொருவருடைய குண்டு நுனியையும் வெவ்வேறு வண்ணச் சாயத்தில் தோய்த்துவிடுவார்கள். துணி கீழே வந்ததும் ஓட்டைகளின் விளிம்பில் ஒட்டிய நிறத்தை எண்ணுவார்கள். அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் நீலமாம். நீல ஓட்டை குறைவாக இருந்த நாட்களில் சாப்பாடு இறங்காதாம். 1939 டிசம்பரில் கையெழுத்தான பொதுநலவாய விமானப் பயிற்சித் திட்டத்தின் கீழ் கனடாவில் இப்படிப் பயின்று வெளியேறியவர்கள் 131,000 பேருக்கு மேல்.

2009 கோடையில் பறப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். நீலத் துணி அட்டை, ஓரம் நைந்தது. ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி: திகதி, நேரம், விமானத்தின் வகையும் இலக்கமும், விமானியின் பெயர், இவருடைய பணி, குறிப்பு, கடைசியில் பகல் மணி, இரவு மணி. மாதக் கடைசியில் மேலதிகாரியின் கையெழுத்து. இரவுத் தாக்குதல் சிவப்பு மையில் இருக்கும், பகல் தாக்குதல் பச்சையில். இது தெரியாத காலத்தில் சிவப்பைக் கண்டு ஆபத்தான பறப்பு என்று அர்த்தம் பண்ணியிருந்தேன். டி.என்.சி.ஓ. என்று நான்கெழுத்து இருந்தால் கொடுத்த பணி நிறைவேறவில்லை என்று பொருள்: இயந்திரக் கோளாறோ காலநிலையோ, திரும்பி வந்துவிட்டார்கள்.

1944 வசந்தத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் பல சிவப்பு வரிகளில் ‘கார்டனிங்’ என்றிருந்தது. தோட்டவேலை. நான் சிரித்துவிட்டேன். அவர் தோட்டப் பைத்தியம் என்பது ஊரறிந்த விஷயம்; அம்மாவுக்கும் அவருக்கும் பொது மொழி எதுவும் இல்லாமலே கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் வேலிக்கு மேலால் போய் வந்துகொண்டிருந்தன. “படை முகாமிலும் மண் கொத்த விட்டார்களா?” என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அது கடலில் கண்ணிவெடி விதைக்கும் பணிக்கு வைத்த மறைபெயர். கண்ணிகளுக்குக் ‘காய்கறி’ என்று பெயர். கடற்பகுதிகளுக்குப் பூக்களின் பெயரும் காய்கறிகளின் பெயரும் வைத்திருந்தார்கள், ஒஸ்லோவுக்கு வெங்காயம். நோர்வேக்குப் போகும் ஜெர்மன் கப்பல்களையும் பால்டிக் கடலில் பயிற்சி பெறும் நீர்மூழ்கிகளையும் முடக்குவது நோக்கம். ஆறு தடவை போயிருக்கிறார். அவற்றில் மூன்று கட்டெகாட் கடலுக்கு. கட்டெகாட் என்பது டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடைப்பட்ட கடல். ஃபிரெடெரிக்ஸ்ஹவ்ன் அதன் கரையில்தான் இருக்கிறது. அவருடைய தாய்மாமன் அந்தக் கடலில் மீன் பிடித்துச் சீவித்தவர்.

இதை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அந்தக் கோடை முழுக்க, கிழங்கு கிண்டும்போது ஒன்று, குளிர்பானம் குடிக்கும்போது ஒன்று என்று துண்டு துண்டாக வந்தது. நான் அடுக்கிக்கொண்டேன். கண்ணிகள் பரசூட்டோடு விழும். அவை விரிகின்றனவா என்று பார்த்துச் சொல்வது வாலில் இருப்பவரின் வேலை, ஏனென்றால் பின்னால் நடப்பது அவருக்கு மட்டுமே தெரியும். “பின்னோக்கி உட்கார்ந்தவனுக்கு ஊர் வருவது தெரியாது, போவதுதான் தெரியும். யட்லாந்தின் (டென்மார்க்கின் பெருநிலப் பகுதி) கரை என் காலுக்குக் கீழாலிருந்து வெளியே வந்து சின்னதாகிக்கொண்டே போகும். ஒரு வெளிச்சம் கிடையாது. ஆறு வயதில் கப்பலிலிருந்து பார்த்தபோதும் அப்படித்தான் போனது” என்றார். பரசூட்டுகளை எண்ணிச் சொன்னாராம். விமானியும் மற்றவர்களும் கனடாக்காரர்கள், ஒருவர் ஆங்கிலேயர். இது தான் பிறந்த கரை என்று அவர்களிடம் அவர் சொல்லவேயில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வந்தது. கோப்பை ஞாபகம் வந்தது. கேட்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிச் சொல்ல வேண்டும். நேசநாட்டு விமானப்படைகளில் டென்மார்க்காரர் என்றால் உடனே வருகிற பெயர்கள் உண்டு. காய் பிர்க்ஸ்டெட் டேனிஷ் கடற்படை விமானி. நாடு வீழ்ந்ததும் தப்பி, நோர்வே விமானப்படையோடு சேர்ந்து, அதன் 331ஆம் ஸ்குவாட்ரனை (விமானப் பிரிவை) நடத்தினார். நோர்வே விமானப்படையின் பயிற்சி முகாம் இருந்ததே இந்த ரொறன்ரோவில்தான். நான் டாக்ஸி ஓட்டிய காலத்தில் பாதர்ஸ்ட் தெருவின் தென்கோடியில் ‘லிட்டில் நோர்வே’ பூங்காவைப் பல நூறு தடவை கடந்திருக்கிறேன். எதற்கு அந்தப் பெயர் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. தோமஸ் ஸ்னெயும் என்பவரும் நண்பர் ஒருவரும் 1941இல் ஒரு சிறிய விமானத்தில் டென்மார்க்கிலிருந்து பிரிட்டனுக்கே பறந்து தப்பினார்கள். நடுவானில் ஒருவர் இறக்கைமேல் ஏறிப் பெற்றோல் ஊற்றினார். வெளிநாட்டு டேனிஷ் மக்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த மூன்று ஸ்பிட்ஃபயர்கள் 234ஆம் ஸ்குவாட்ரனில் டேனிஷ் விமானிகளோடு பறந்தன. இவையெல்லாம் பட்டியல்களில் இருக்கும். எங்கள் பெரியவர் போன்றவர் இருக்கமாட்டார். அவர் தப்பி வந்தவரல்ல, குடியேறியின் பிள்ளை. பதிவேட்டில் அவர் அல்பேர்ட்டாப் பையன்.

ஆகவே இப்படிப்பட்டவர்களைத் தேடும்போது தேசியத்தை வைத்துத் தேடினால் அகப்படமாட்டார்கள். பிறந்த இடத்தை வைத்துத் தேட வேண்டும். படையில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தில் அது இருக்கும். அப்போது கனேடியக் குடியுரிமை என்றே தனியாக ஒன்று கிடையாது, அது 1947 ஜனவரி 1இல் வந்தது. படிவங்களில் ‘பிரித்தானியப் பிரஜை’ என்றே கண்டால் குழம்ப வேண்டாம். பெயரையும் நம்பக்கூடாது. டேனிஷ் பெயர்களின் ‘சென்’ முடிவை ஆட்சேர்ப்பு எழுதுவினைஞர் ‘சன்’ ஆக்கிவிடுவார். இவருக்கு ஓர் ஆவணத்தில் ஒன்று, மற்றதில் மற்றது. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி, என் பெயரை இரண்டாக உடைத்து, குடிவரவுக் கடதாசி ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நான் பட்ட பாட்டைச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டேன்.

பதிவேட்டை வைத்துக்கொண்டு நான் செய்த அடுத்த வேலை ஸ்குவாட்ரனின் நடவடிக்கைப் பதிவுகளோடு ஒப்பிடுவது. ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் படிவம் 540இல் நாளுக்கு நாள் நடந்ததையும், படிவம் 541இல் ஒவ்வொரு விமானமும் யார் யாரோடு எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கியது என்பதையும் எழுதி வைத்தன. பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை ‘ஏர் 27’ என்ற தொகுதி. கனேடிய ஸ்குவாட்ரன்களின் பதிவுகளைக் கணினியில் இலவசமாகவே பார்க்கலாம். திகதியில் கவனம் வேண்டும். இரவுப் பறப்பு நள்ளிரவைத் தாண்டிப் போவதால் ஒரு பதிவு புறப்பட்ட நாளையும் மற்றொன்று இறங்கிய நாளையும் காட்டும். நான் இரண்டு வாரம் இல்லாத ஒரு பறப்பைத் தேடினேன்.

அப்படி ஒப்பிட்டதில் ஒரு பிழையும் செய்தேன். தான் 32 பறப்புப் போனதாக அவர் சொல்வார். பதிவேட்டில் 29தான். அதை மேசையில் வைத்து, விரலால் வரி வரியாக எண்ணிக் காட்டினேன். கணக்கப்பிள்ளை போல. அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்த மூன்றும் புறப்பட்டு, ஓடுபாதைக் கடைசியில் நின்று, ரத்தானவை. என் வயிற்றுக்கு அவையும் பறப்புத்தான்” என்றார். முப்பது பறப்பு முடித்தால் ஒரு சுற்று முடிந்து ஓய்வு என்பது அன்றைய விதி. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறக்குறைய 125,000 பேரில் 55,573 பேர் செத்துப்போனார்கள்; கனேடியர்கள் மட்டும் பத்தாயிரம் அளவில். அந்தக் கணக்குக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு எண் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் நான் எண்ணிக் காட்டினேன். இப்போதெல்லாம் முதியவர் சொல்வதும் ஆவணம் சொல்வதும் முரண்பட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.

2010இல் ஒருநாள் அவரை ட்ரென்டனுக்குக் கூட்டிப்போனேன், காரில் ஒன்றரை மணி நேரம். அங்கே விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹலிபக்ஸ் இருக்கிறது. 1945 ஏப்ரலில் நோர்வேயில் சுடப்பட்டு ஓர் ஏரியில் விழுந்து, ஐம்பது ஆண்டுகள் அடியில் கிடந்து, 1995இல் வெளியே எடுக்கப்பட்டது. அதில் இருந்தவர்களில் உயிர் தப்பியவர் வால் துப்பாக்கிக்காரர் ஒருவர் மட்டுமே. நான் மூக்கின் பக்கம் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தேன். இவர் நேராக வாலுக்குப் போய்விட்டார். கூண்டுக்குக் கீழே நின்று, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் தோளின் அகலத்தை இரண்டு கையாலும் அளந்து, அந்த அளவைக் குலையாமல் கூண்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். “இதற்குள் எப்படி இருந்தேன்?” என்று என்னைத்தான் கேட்டார்.

கடிதங்களின் கதை தனி. ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருபது வரை இருந்தன. அநேகமானவை அவருடைய தாய்மாமன் மனைவி 1945க்குப் பிறகு எழுதியவை. பெரியவருக்கு டேனிஷ் பேச வரும். ஆனால் கண் பார்வை போய்விட்டது, வாசிக்க முடியாது. பிள்ளைகளுக்கு மொழி தெரியாது. கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன், பாதிக்குப் பாதி பிதற்றியது. அப்போதுதான் சின்னம்மாவின் மகன் ஞாபகம் வந்தான். எண்பதுகளில் டென்மார்க்குக்கு அகதியாகப் போன யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் ஒருவன். ஹேர்னிங்கில் இருக்கிறான், பிரண்டே அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் தொண்டு செய்கிறவன். கடிதங்களைப் படம் எடுத்து அனுப்பினேன்.

“அண்ணா, இது பழைய எழுத்து” என்றான். 1948 வரை டேனிஷ் மொழியில் பெயர்ச்சொற்களையெல்லாம் ஜெர்மன் மொழி போலப் பெரிய எழுத்தில் தொடங்குவார்களாம். தலையில் குட்டி வட்டம் வைத்த ‘ஏ’ எழுத்து (å) அந்த ஆண்டுச் சீர்திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன் இரண்டு ‘ஏ’ எழுத்தைச் சேர்த்து (aa) எழுதினார்கள். ஊர்ப் பெயர்களைத் தேடும்போது இரண்டு வடிவத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லித் தந்தவன் அவன். சில ஊர்கள் இன்றும் பழைய வடிவத்தையே விடாமல் பிடித்திருக்கின்றனவாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் அம்மாவையும் எங்கள் குசினி மேசையில் இருத்தி, தொலைபேசியை நடுவில் வைத்தேன். அவன் டேனிஷில் வாசிப்பான், பெரியவர் கேட்பார். பிறகு தமிழில் எங்களுக்குச் சொல்வான். 1946 கடிதம் ஒன்றில் அந்த அம்மாள் எழுதியிருந்தார்: போன போர்க்காலத்தில் இரவில் விமானங்கள் வரும்போது விளக்கை அணைத்துவிட்டு யன்னலைத் திறந்து வைத்துக் கேட்பாராம். சத்தத்தை வைத்தே ஜெர்மன் விமானமா இங்கிலீஷ் விமானமா என்று தெரியுமாம். போகும்போது எண்ணுவாராம், வரும்போது எண்ணுவாராம். குறைந்தால் தூங்கமாட்டாராம். அதே கடிதத்தின் கடைசியில், ஊரில் ஒரு மீன்பிடிப் படகு கண்ணியில் பட்டு மூவர் போய்விட்டார்கள், மாமாவுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இப்போது கடலுக்குப் போக மனமில்லாமல் வலை பின்னுகிறார் என்றிருந்தது.

பெரியவர் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில் தம்பி, “வாசிக்கட்டுமா, நிறுத்தட்டுமா?” என்று இரண்டு மொழியிலும் கேட்டான். அம்மா இதற்குள் கண்ணைத் துடைத்துவிட்டு, “அவளும் எண்ணியிருக்கிறாள்” என்றார். எங்கள் வீட்டில் சத்தத்தை வைத்து விமானத்தைச் சொல்வது அம்மாதான். எது வேவு பார்ப்பது, எது குண்டு போடுவது என்று நாங்கள் வாசலுக்கு வருமுன் சொல்லிவிடுவார். பெரியவர் அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்து, மூன்று வருடத்துக்கு முன் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். “கட்டெகாட்டில் மட்டும் நினைத்தேன். மற்ற இடங்களில் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.” அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அம்மா எழுந்து தேத்தண்ணி வைத்தார்.

படம் எடுப்பது பற்றி ஒன்று. பதிவேட்டை நான் என் கையடக்கக் கமராவால் யன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தேன், அதுவரை சரி. ஆனால் எழுத்து இருந்த பக்கங்களை மட்டும் எடுத்தேன். பின்னால் வெறுமையாகத் தெரிந்தவற்றைத் தள்ளிவிட்டேன். கிழிந்திருந்த ஒரு தாளுக்கு உதவி என்று நினைத்து ஒட்டுநாடாவும் ஒட்டினேன். அது இப்போது மஞ்சளாகிச் சிவப்பு மையை உரித்துக்கொண்டு வருகிறது. 2015இல் மகளின் வீட்டு நிலக்கீழறையில் தண்ணீர் புகுந்து பதிவேட்டின் பின்பாதி கூழாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்ததாக ஞாபகம், உங்களிடம் படம் இருக்கிறதா என்று கேட்டு எழுதினார். இல்லை. வெறும் தாளையும், அட்டையின் உட்புறத்தையும், செருகியிருக்கும் துண்டுக் கடதாசியையும் எடுங்கள். ஒட்டுநாடாவைத் தொடவே வேண்டாம்.

2012 ஜூனில் லண்டன் கிரீன் பார்க்கில் குண்டுவீச்சுப் படையினருக்கான நினைவுச்சின்னம் திறந்ததை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தார். பாதியில் உறங்கிவிட்டார். அந்த நவம்பரில், தொண்ணூறு வயதில் காலமானார். அடுத்த ஆண்டுதான் கனடா குண்டுவீச்சுப் படையினருக்குப் பதக்கத்தில் செருகும் ஒரு தனிப் பட்டியை அறிவித்தது. இறந்தவர்களுக்காக உறவினர் விண்ணப்பிக்கலாம் என்று மகளுக்குச் சொன்னேன். விண்ணப்பித்து வாங்கினார். அது ஃபிரேமுக்குள் பிஸ்கட் தகரத்துக்கு மேலே இருக்கிறது.

ஃபிரெடெரிக்ஸ்ஹவ்ன் மயானத்தில் நேசநாட்டு விமானப்படையினரின் கல்லறைகள் இருக்கின்றன. அடுத்த வருடம் மே 4 அன்று தம்பி ஹேர்னிங்கிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய் அங்கே ஒரு மெழுகுதிரி வைத்துப் படம் அனுப்பினான். காற்றுக்கு நிற்கவில்லையாம், படத்தில் திரி மட்டும் இருக்கிறது.

மிச்சம் ஒரு வேலை. அவருடைய முழுப் படைக் கோப்பு ஒட்டாவாவில், கனடா நூலகமும் ஆவணக் காப்பகமும் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. போரில் இறந்தவர்களின் கோப்புகள் திறந்தவை. உயிரோடு திரும்பியவர்களுடையவை அப்படியல்ல: உயிரோடிருக்கும்போது அவர் கையெழுத்திட்டால் தருவார்கள், இறந்து இருபது ஆண்டுக்குள் நெருங்கிய உறவினர் மட்டும் கேட்கலாம், அதுவும் வரம்போடு, இருபது ஆண்டு கடந்தால் மரணச் சான்றைக் காட்டி யாரும் கேட்கலாம். சம்மதப் படிவத்தை 2011இலேயே அச்செடுத்து வைத்திருந்தேன். கேட்கக் கூச்சப்பட்டு, அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினேன். அவர் மறுத்திருக்கமாட்டார். மகளிடம் கேட்டேன். “அப்பா சொல்ல விரும்பியதைச் சொல்லிவிட்டார், அதுவும் எனக்கல்ல, உங்கள் அம்மாவுக்கு” என்றார். அதில் கொஞ்சம் மனவருத்தம் இருந்தது, நியாயந்தான்.

2032 நவம்பரில் எனக்கு அறுபத்துமூன்று வயது. பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலை வெட்டி, கையெழுத்திடாத அந்தப் படிவத்தோடு, பாஸ்போர்ட் வைக்கும் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.